ஆறு புள்ளி நான்கு

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவள் நான். அதே தண்ணீரில்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் முந்நூற்றுப் பத்து தாய் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தண்ணீர் சரியாக இருந்தால் மீன் ஏன் சாக வேண்டும், அப்படியானால் ஆள்தான் சரியில்லை என்று பண்ணை மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். அந்த ஆள் என் தம்பி.

தண்ணீருக்குக் காற்று ஊட்டும் ஏரேட்டரை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டான் என்பது அவன்மேல் வந்த குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. அதுவரை தொட்டிக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. குற்றம் உறுதியானால் வேலை போகும். அதோடு போனாலும் பரவாயில்லை, குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் இந்த மாதிரிச் சேதி காற்றைவிட வேகமாகப் போகும், அதற்குப் பிறகு ஒருவனும் இவனைத் தொட்டிப் பக்கம் சேர்க்கமாட்டான். பதினாறு வருஷமாக இவனுக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதான். பேசக்கூட சரியாகத் தெரியாது.

நான் வேலை செய்வது தண்ணீர் சோதிக்கும் லேபில். பண்ணைகளிலிருந்து தினமும் நாற்பது பாட்டில் வரும். காலை ஏழரைக்குத் தொட்டியிலிருந்து பிடித்து, உள்ளே இருக்கும் அம்மோனியா வழியிலேயே பறந்துவிடாமல் இருக்க இரண்டு சொட்டு அமிலம் விட்டு, மூடி, வேனில் ஏற்றுவார்கள். அமிலம் விட்ட தண்ணீரில் பி.எச். பார்த்து என்ன பயன்? அதனால் தண்ணீர் பிடிக்கிறவரே தொட்டியில் மீட்டரை முக்கிப் பார்த்து லேபிளில் பென்சிலால் எழுதி அனுப்ப வேண்டும். நாலாம் தொட்டி பாட்டிலில் என் தம்பியின் கோழிக்கிறுக்கலில் ஆறு புள்ளி நான்கு என்று இருந்தது. நான் சோதித்ததில் மொத்த அம்மோனியா லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம்.

ஒன்பது என்றால் அதிகம்தான். ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது, இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, ஒருத்தரும் காதில் வாங்குவதில்லை. தண்ணீருக்குள் அது ஒரே ஆள், இரண்டு உடுப்பு. கூடுதலாக ஒரு ஹைட்ரஜனைப் போர்த்திக்கொண்டு மின்னேற்றத்தோடு திரிந்தால் அதற்குப் பெயர் அம்மோனியம். அது மீனின் செவுளுக்குள் அவ்வளவு சுலபத்தில் நுழையாது, பெரிய கெடுதல் செய்யாது. போர்வையைக் கழற்றிவிட்டால் அம்மோனியா. அது நேராகச் செவுளைத் தாண்டி ரத்தத்துக்குப் போய்விடும். எத்தனை பேர் போர்த்தியிருக்கிறார்கள், எத்தனை பேர் கழற்றியிருக்கிறார்கள் என்பதைத் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கும். ஆறு புள்ளி நான்கில் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூடக் கழற்றியிருக்கமாட்டார்கள். அந்த ஒன்பது மில்லிகிராமில் பாதிக்குமேல் கழற்ற வைக்க வேண்டுமானால் பி.எச். ஒன்பதைத் தாண்ட வேண்டும். பி.எச். ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு கழன்றுவிடும், மீனுக்கு அதுவே தாராளம்.

எங்கள் படிவத்தில் கடைசிக் கட்டம் ஒன்றுதான் முக்கியம். கழன்று கிடக்கும் அம்மோனியா எவ்வளவு, வரம்புக்குள் இருக்கிறதா, இல்லையா. கணக்குப் போட்டேன், வரம்புக்குள் இருந்தது, உகந்தது என்று டிக் அடித்தேன். மொத்தம் இந்த அளவுக்கு ஏறியிருக்கிறதே, கவனம் என்று ஓரத்தில் எழுதியிருக்கலாம். ஆரம்பத்தில் அப்படி எழுதிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வருஷம் எழுதி ஒருத்தர்கூடப் படிக்கவில்லை என்று தெரிந்த பிறகு விட்டுத் தொலைத்தேன்.

அதிலும் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு மூச்சுவிட நேரமில்லை. கூட வேலை செய்கிறவள் லீவு. தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவி காலையிலேயே படுத்துவிட்டது. லேப் சீஃப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அது சொல்வதைவிட எரிச்சல். போன் வேறு விடாமல் அடித்தது. தம்பியும் நடுவில் ஒரு தடவை கூப்பிட்டான். நேரம் காலம் தெரியாமல் கூப்பிடுவதில் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இத்தனை பேர் சேர்ந்து ஏற்றி வைத்தால் அது வேறு எங்கே இருக்கும்?

புதன்கிழமை தம்பி மனைவி கூப்பிட்டு அழுதபிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். வேலை முடிந்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூடப் பையில் மாட்டிக்கொண்ட ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று கேட்டேன். மீன் செத்துப்போச்சுக்கா என்றான். அது எனக்கே தெரியும், எப்படிச் செத்தது என்றேன். தெரியலக்கா. ஏரேட்டர் நின்றதா? இல்லக்கா. தூங்கினாயா? இல்லக்கா. தண்ணீரில் யாராவது எதையாவது போட்டார்களா? ஜிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கத்தினேன். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. தம்பி மனைவி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கத்துகிறவளுக்குத் தொண்டை வறளும் அல்லவா.

மீன் எப்படிச் செத்தது என்றாவது சொல் என்றேன். அதற்கு மட்டும் வாய் திறந்தான். சுற்றிச் சுற்றி ஓடின, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, சில மீன்கள் தண்ணீரைவிட்டே எகிறின, ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டன என்றான். சொல்லும்போது அவன் கை ஜிப்பைவிட்டு நகரவே இல்லை. மூச்சுத் திணறல் என்று மேனேஜர் நினைத்ததில் தப்பில்லை. பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது அம்மோனியா மாதிரி இருந்தது. என் ரிப்போர்ட்டோ அம்மோனியா இல்லை என்கிறது. காலை ஏழரைக்கு ஆறு புள்ளி நான்கில் இருந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் மேலே ஏறியிருந்தால் மட்டும்தான் இரண்டும் பொருந்தும். தானாக ஏறாது. வெயில் படும் குளமாக இருந்தால் பாசி ஏற்றிவிட்டது என்று சொல்லலாம். இது கூரைக்குள் இருக்கும் சிமென்ட் தொட்டி.

தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தொட்டியைத் திறந்துவிட்டுக் கழுவித் துடைத்துவிட்டார்களாம். நாற்றம் வரும் என்று மேனேஜர் சொன்னாராம். தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் வாசலில் தம்பியின் ரப்பர் பூட்ஸைப் பார்த்தேன். கணுக்கால் வரைக்கும் வெள்ளையாக ஏதோ தெறித்துக் காய்ந்து ஒட்டியிருந்தது.

நகத்தால் சுரண்டி ஒரு சீட்டில் மடித்து எடுத்துக்கொண்டேன். மறுநாள் லேபில் அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் புசுபுசுவென்று பொங்கியது. சுண்ணாம்பு. காலித் தொட்டியைக் கழுவ அந்தப் பண்ணையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதை எடுத்து மீன் இருக்கும் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் அப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. புதுத் தண்ணீர் விடும் பம்பு அங்கே இரண்டு வாரமாக ரிப்பேர், திங்கட்கிழமைதான் மறுபடி ஓட ஆரம்பித்தது என்று தம்பி மனைவி சொல்லியிருந்தாள். இரண்டு வாரம் தண்ணீர் மாற்றவில்லை. மீன் கழிக்கும் அம்மோனியாவை வடிகட்டியில் இருக்கும் பாக்டீரியா தின்னும், தின்னத் தின்னத் தண்ணீர் புளிக்கும், பி.எச். இறங்கும். ஆறரைக்குக் கீழே போனால் பாக்டீரியாவே சோர்ந்து படுத்துவிடும். பிறகு அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும், ஆனால் எல்லாம் போர்த்திக்கொண்டு அம்மோனியமாக இருப்பதால் மீன் பிழைத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு புத்திசாலி வந்து பி.எச். குறைந்திருக்கிறதே என்று சுண்ணாம்பைக் கொட்டினால், அத்தனையும் ஒரேயடியாகப் போர்வையைக் கழற்றும். முதலில் தண்ணீரை மாற்றி அம்மோனியத்தைக் குறைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுண்ணாம்பு விட வேண்டும். வரிசை மாறினால் மீன் காலி.

அந்தப் புத்திசாலி மேனேஜர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பம்பை ரிப்பேர் பார்க்காமல் போட்டுவைத்தது அவர். தொட்டியை அவசர அவசரமாகக் கழுவச் சொன்னதும் அவர். என் தம்பி மேலதிகாரி சொல்லாமல் ஒரு கைப்பிடி தீனிகூடக் கூடுதலாகப் போடமாட்டான். அவரே கொட்டச் சொல்லிவிட்டு இப்போது இவன் தலையில் கட்டுகிறார், இந்த மடையனும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறான். வியாழக்கிழமை ராத்திரி முழுக்க எனக்குப் பொங்கிக்கொண்டே இருந்தது. சொந்தத் தம்பி விஷயம், நீ போக வேண்டாம், கடிதமாகக் கேட்டால் பதில் கொடுத்துக்கொள்ளலாம் என்று சீஃப் சொன்னார். அரை நாள் லீவு எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

விசாரணை நடந்த அறை சின்னது. ஒரு மேஜை, மூலையில் வலைகளும் பக்கெட்டுகளும், சுவரில் தீனி போடும் நேர அட்டவணை. மேனேஜர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுதிக்கொள்ள அலுவலகப் பெண் ஒருத்தி. தம்பி நின்றுகொண்டிருந்தான். என் ரிப்போர்ட்டை மேஜையில் விரித்து, என் கையெழுத்தின்மேல் விரலை வைத்து, "தண்ணி நல்லா இருக்குன்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க" என்றார் மேனேஜர். மரியாதையாகத்தான் கேட்டார். அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தேன். இரண்டிலும் தொட்டியில் இருந்ததைவிடப் பல மடங்கு கெட்டியாக அம்மோனியம் உப்பைக் கரைத்த தண்ணீர். முகர்ந்து பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். ஒரு பாட்டிலில் ஒரு ஸ்பூன் சுண்ணாம்பைப் போட்டு மூடிக் குலுக்கி மறுபடி நீட்டினேன். எச்சரித்திருக்கலாம், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழுதிக்கொண்டிருந்த பெண் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். எனக்கு மூன்று நாளில் முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

காலையில் பிடித்த தண்ணீர் முதல் பாட்டில், மத்தியானம் மீன் செத்த தண்ணீர் இரண்டாவது பாட்டில் என்றேன். தொட்டியில் இரண்டு நேரமும் இருந்தது அதே ஒன்பதுதான். என் ரிப்போர்ட் பொய் இல்லை, இவன் தூங்கவும் இல்லை. நடுவில் சுண்ணாம்பு விழுந்திருக்கிறது. பூட்ஸில் சுரண்டியதையும், அது அமிலத்தில் பொங்கியதையும், பம்பு இரண்டு வாரம் கிடந்ததையும் வரிசையாகச் சொன்னேன். பம்பு என்றதும் மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார். முட்டாள் இல்லை அவர், புரிந்துகொண்டார் என்று தெரிந்தது.

கடைசியாகத்தான் அதைச் சொன்னேன். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது.

"சுண்ணாம்பு தானா நடந்துபோய்த் தொட்டியில விழாது சார். இவன் சொந்தமா எதையும் செய்ற ஆள் இல்ல. யாரோ போடச் சொல்லித்தான் போட்டிருக்கான். அது யாருன்னு கேட்டு எழுதிக்கோங்க."

மேனேஜர் பதறுவார் என்று பார்த்தேன். பதறவில்லை. நான் சொல்லவில்லையே மேடம், அன்றைக்கு நான் பம்பு ரிப்பேர் செய்த ஆளோடு கணக்கு முடிக்க வெளியில் போயிருந்தேன், திரும்பி வந்தபோது மீன் மிதந்துகொண்டிருந்தது என்றார். பிறகு என் தம்பியைப் பார்த்துத் திரும்பினார். அவருக்கும் அது இப்போது தெரிய வேண்டியிருந்தது.

"சொல்லுப்பா. யார் சொன்னாங்க?"

தம்பி தரையைப் பார்த்தான். பயப்படாமல் சொல்லு, நான் இருக்கிறேன் என்றேன். யாராக இருந்தாலும் சரி, பெரிய ஆளாக இருந்தாலும் விடமாட்டேன், பேரைச் சொல்லு என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவன் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். கெஞ்சுகிற பார்வை.

"விடுக்கா" என்றான்.

இவன் யாருக்காகப் பயப்படுகிறான்? மேனேஜருக்கு இல்லை, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு தடவை கூப்பிட்டான். என்ன கேட்டான்?

பையிலிருந்து போனை எடுத்தேன். செவ்வாய், பதினொன்று நாற்பது, தம்பி, பத்தொன்பது வினாடி. அதைப் பார்த்ததும் அவன் குரல் அப்படியே காதில் வந்தது. அக்கா, நாலாம் தொட்டியில பி.எச். ஆறு புள்ளி நாலுக்கு வந்துடுச்சு, என்ன செய்ய. ஒரு கையில் பிப்பெட், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கதவில் சீஃப் தலை. சுண்ணாம்பு போடு, இதுக்கெல்லாம் ஒரு போனா என்று சொல்லி வைத்தேன். அப்போது லேப் மேஜையில் என் கண்ணெதிரே நாலாம் தொட்டியின் ரிப்போர்ட் கிடந்தது. ஆறு புள்ளி நான்கும் ஒன்பதும் பக்கத்துப் பக்கத்தில், என் கையெழுத்தில், மை காயாமல்.

இந்த உலகத்தில் அன்று அந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்த்த ஒரே ஆள் நான். மேனேஜருக்குத் தெரியாது. ஒன்பது என்பது தம்பிக்கும் தெரியாது, ரிப்போர்ட் அவர்கள் கைக்குப் போனதே சாயங்காலம்தான். யார் புத்திசாலி, யார் மடையன் என்று இரண்டு நாளாக ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேனே, அவ்வளவும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. கூசியது. போனை மேஜையில் வைத்து மேனேஜர் பக்கம் நகர்த்தினேன்.

"என்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டான். நான்தான் போடச் சொன்னேன்."

மேனேஜர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலுவலகப் பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு எழுதலாமா வேண்டாமா என்று காத்திருந்தாள். எழுதும்மா என்றேன். அவள் எழுதியதை வாங்கிப் படித்தேன். நான் சொன்னதைக் கொஞ்சம் நாசூக்காக, தொலைபேசியில் பொதுவான ஆலோசனை வழங்கப்பட்டது என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, ஒன்பது என்ற அளவு என்னிடம் இருந்தது, அதைப் பார்க்காமல் சொன்னேன் என்று என் கையாலேயே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட்டில் இருந்த அதே கையெழுத்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் கிடந்தன. இது எங்கள் லேபுக்குப் போகும் என்று மேனேஜர் சொன்னார். போகத்தானே வேண்டும் என்றேன். தம்பி திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று அவர் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. பம்பு விஷயம் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றோம். எனக்கு வேலை போகுமா, இருக்குமா என்ற கவலை அப்போது வரவில்லை, அது மெதுவாகத்தான் வரும். அந்த நேரத்தில் அவன்மேல்தான் ஆத்திரமாக வந்தது, பழக்கதோஷம். முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனை ஆட்டம் ஆடியிருப்பேனா என்று கேட்டேன். உன் வேலைக்கு ஏதாவது ஆயிடும்னு பாத்தேன் என்றான். போன் செய்து கேட்டவன் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டாமா, பி.எச். குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் நான் என்ன ஜோசியம் பார்க்கிறவளா, தண்ணீர் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று சொல்லத் தெரியாதா என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். என் வாய் திருந்தாது.

அவன் கோபப்படவில்லை. எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னான், அதுவும் நான் கேட்டதற்குப் பதிலாக.

"சுண்ணாம்பு போடணும்னு எனக்கே தெரியும்க்கா. பம்பு ஓட ஆரம்பிச்சிடுச்சே, முதல்ல தண்ணிய மாத்தவா, சுண்ணாம்பு போடவான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். அதுக்குள்ள நீ வச்சிட்ட."

பஸ் வந்தது. அவன் ஏறிக்கொண்டு எனக்கு ஜன்னல் ஓர இடத்தைக் காட்டினான். முதலில் தண்ணீர் என்று சொல்ல எனக்கு இரண்டு வினாடி ஆகியிருக்கும். போனில் பத்தொன்பதுக்குப் பதில் இருபத்தொன்று என்று காட்டியிருக்கும்.